ஆயி என்றழைத்தாள்

மகப்பேறின்றிப் பதினோராண்டு காத்திருந்த நானும் என் மனைவியும், 2006ஆம் ஆண்டு, நாங்கள் வாழும் அமெரிக்காவிலிருந்து சீனாவுக்குப் பயணமானோம். நான்சாங் நகரின் அரசு அலுவலகத்தில் பதினான்கு மாதப் பெண்குழந்தையை எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

மனைவி ஆவலோடு கைநீட்டினாள். குழந்தையோ தன்னைத் தூக்கிவந்த இல்லப் பணிப்பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். அப்பெண்ணை எல்லாரும் 'ஆயி' என்றழைத்தனர். சீன மொழியில் சிற்றன்னை என்று பொருளாம். எங்கள் செவியிலோ அது தாயென்றே ஒலித்தது. குழந்தையைத் தந்துவிட்டு அவர் திரும்பிப் பாராமல் நடந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின. எங்களுக்கு வரம் கிடைத்த அந்நாள், குழந்தைக்கு இழப்பின் நாள் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

குவாங்சௌ நகரில் மருத்துவச் சோதனையும் விசாவும் முடிந்தன. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்காவுக்குள் நுழைந்ததுமே அவள் அந்நாட்டுக் குடிமகளானாள். எங்கள் மகளாவதற்கோ மூன்று வாரம் சென்றது. ஓரிரவு விழித்தழுதவள், என் மனைவியை நோக்கிக் கைநீட்டி, "ஆயி" என்றாள்.

உறவினரல்லாத அயல்நாட்டவருக்குத் தத்தளிப்பதைச் சீனா 2024ஆம் ஆண்டு நிறுத்தியது. அச்செய்தியைப் படித்த மகள், "அந்த ஆயி இப்போது எங்கிருக்கிறாரோ!" என்றாள்.

எங்கள் குடும்பச் செபமாலையில், அவளைப் பெற்றவளுக்கும் பெயரறியாத அந்த ஆயிக்கும் தவறாமல் ஓர் அருள்நிறைந்த மரியே உண்டு.