சாயங்காலத்தை வாங்கித் தரும் பட்டம்

பாட்டோ பரதமோ ஓவியமோ, பிள்ளைக்கு ஒரு கலை நன்றாக வருகிறது என்று தெரிந்ததும் நம் வீடுகளில் சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே வந்து உட்காரும். "கத்துக்கோ, வேண்டாங்கல. ஆனா கையில ஒரு டிகிரி இருக்கட்டும்" என்பதுதான் அந்தக் கவலையின் வாசகம். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே காலத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் படிக்கலாம் என்று அனுமதித்த பிறகு, இந்த வாசகத்துக்கு அரசாங்க முத்திரையும் கிடைத்துவிட்டது. வகுப்பு நேரங்கள் மோதாவிட்டால் இரண்டையும் கல்லூரிக்குப் போயே படிக்கலாம். இல்லையென்றால் ஒன்றை நேரிலும் மற்றொன்றை அஞ்சல் வழியிலோ இணையவழியிலோ படிக்கலாம். இசையும் பி.காமும், ஓவியமும் கணினியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் ஒரே ஆளிடம் சேரலாம். பெற்றோரின் கவலையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கலையை மட்டும் நம்பி வாழ்வது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது பட்டத்தை, கலை கைவிட்டுவிட்டால் தாங்கிப்பிடிக்கும் ஒன்றாக அவர்கள் நினைக்கிறார்கள். கலையை நாம் கைவிட நேராமல் இருப்பதற்காகத்தான் அந்தப் பட்டம் வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் எதைப் படிப்பது என்ற கணக்கே மாறிவிடுகிறது.

பட்டச் சான்றிதழை பீரோவில் வைத்தால் அது கெடாது. அதன் மதிப்பு கெடும். பொறியியல் முடிக்கும் வருடத்தில் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் நிறுவனம், ஆறு வருடம் மேடைக்காகக் காத்திருந்துவிட்டு வருபவரை அதே ஆவலோடு எடுத்துக்கொள்ளாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று வாங்கி வைத்த பட்டம், உண்மையில் தேவைப்படும் நாளில் பழசாகியிருக்கும். அது உதவ வேண்டுமானால் அதை வைத்து ஏதாவது வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை ஒரு நாளில் எத்தனை மணி நேரத்தை விழுங்கும் என்ற கேள்வி அப்போது தானாக எழுகிறது. வாரம் ஒரு ஷிப்ட் மாறும் வேலையும், இரவு பத்து மணிக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும் வேலையும் நல்ல சம்பளம் தரலாம். சாதகம் செய்ய ஒரு நிலையான பொழுதைத் தராது. ஜூன் மாதத்தில் கட்-ஆஃப் பற்றியும் சம்பளம் பற்றியும் நூறு கேள்வி கேட்கிறோம். இந்தப் படிப்பு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் சாயங்காலம் நம்முடையதாக இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கலைஞனாக விரும்பும் பிள்ளைக்கு அதுதான் முதல் கேள்வி.

உதாரணம் என்றதும் இசையுலகப் பெயர்கள் நினைவுக்கு வரும். சஞ்சய் சுப்ரமணியன் பட்டயக் கணக்காளர். மிருதங்க மேதை உமையாள்புரம் சிவராமன் சட்டம் படித்தவர். வயலின் கலைஞர் எல். சுப்ரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு கலிபோர்னியாவுக்குப் போய் மேற்கத்திய இசையில் முதுகலை படித்தார். ஆனால் இவர்களை மட்டும் காட்டி வாதத்தை முடித்துவிட எனக்குத் தயக்கம். ஜெயித்தவர்கள் நம் கண்ணில் படுகிறார்கள். கணக்கும் பாட்டும் சேர்த்துப் படித்து, கடைசியில் கணக்கோடு நின்றுவிட்டவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் தனிமனிதர்களைக் காட்டிலும், ஒரு கூட்டமாக முயன்று பார்த்தவர்களின் அனுபவம் எனக்குப் பெரிய சாட்சியாகப் படுகிறது.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரிக்கு 1960-களில் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். ஓவியம் படிக்க வருவதற்கு முன்பு தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தன்னிடம் படித்து முடித்த இளைஞர்கள் படம் விற்காமல், பிழைப்புக்காக எங்கோ ஒரு வேலையில் சேர்ந்து வரைவதையே விட்டுவிடுவதை அவர் பார்த்தார். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் செய்து விற்று வயிற்றைக் கழுவிக்கொள்வது, மீதிப் பொழுதில் யார் வாங்குவார்கள் என்ற யோசனையே இல்லாமல் வரைவது என்ற ஏற்பாடு அங்கிருந்து பிறந்தது. அந்த விற்பனைப் பணத்தின் துணையோடு ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். தென்னிந்திய நவீன ஓவியத்தின் பெரும்பகுதியை அந்த மெழுகும் சாயமும்தான் காப்பாற்றின என்று சொன்னால் மிகையில்லை. இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். பாத்திக், ஓவியம் தோற்றபின் போய் ஒதுங்கும் இடமாக இருக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில் அருகருகே நடந்தன. வாங்குகிறவரின் ரசனைக்குப் பாத்திக் வளைந்துகொடுத்தது. அதனால் ஓவியம் வளைய வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்று மறுக்கும் சுதந்திரத்தை அந்தத் துணி வாங்கித் தந்தது.

அப்படியானால் பிழைப்புக்கான வேலையும் கலைக்கு நெருங்கியதாகவே இருக்கலாமே, சம்பந்தமில்லாத பட்டம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓவியர்கள் ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். துணிக்கு வடிவம் வரைந்த கை சித்திரத்தை மறக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. பகலெல்லாம் விளம்பரத்துக்குப் படம் போட்டவருக்கு ராத்திரி தூரிகையைத் தொடவே அலுப்பாக இருக்கும். காலையிலிருந்து குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுத்த தொண்டை தனக்காகப் பாட மறுக்கும். கணக்குப் பேரேடு தொண்டையைக் களைப்பாக்காது. சம்பந்தமில்லாத படிப்பின் பெரிய லாபம் இதுதான்.

இரண்டு படகில் கால் வைத்தவன் கரைசேர மாட்டான் என்பது அடுத்த ஆட்சேபம். எழுத்தாளர்களைப் பார்த்தால் இது பொருந்தவில்லை. சுஜாதா குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதிக் குவித்தார். அந்தப் பொறியியலே அவர் கதைகளுக்குள் வந்தது. வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தவர். மறுபக்கம் அசோகமித்திரன் 1966-இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு எழுத்தை மட்டும் நம்பினார். எவ்வளவு சிரமப்பட்டார் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் நடனத்துக்கு வரும்போது என் வாதம் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். எழுத்து நாற்பது வயதுவரை காத்திருக்கும், உடம்பு காத்திருக்காது. அரைமண்டியில் நிற்கும் தொடைக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துவரைதான் பொற்காலம். கலாக்ஷேத்ரா மாதிரி நாள் முழுக்க நடக்கும் பயிற்சியில் இருக்கும் பெண்ணிடம் பொறியியலையும் சேர்த்துப் படி என்பது கொடுமை. அவளுக்கு ஆட்டம் முதலில். அஞ்சல் வழி பி.காம் பக்கத்தில் மெதுவாக வரட்டும்.

இதெல்லாம் வசதி உள்ளவர்களின் பேச்சு என்ற ஆட்சேபம்தான் என்னை அதிகம் தைக்கிறது. கிராமத்திலிருந்து எழும்பூருக்கோ கும்பகோணத்துக்கோ ஓவியம் படிக்க வரும் பையனுக்கு ஒரு பட்டத்துக்கான செலவே பாரம். அந்த ஒரு பட்டமே வேலையாகவும் ஆகிவிடும் என்று நம்பித்தான் அவன் வருகிறான். 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்றவற்றுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்தோம். கலைப் பட்டம் ஒன்றையே கையில் கொடுத்து அனுப்பினால் ஏழைப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அப்படியிருக்க, இரண்டாவது படிப்பு அந்தப் பையனுக்குத்தான் முதலில் எட்ட வேண்டும். அனுமதி வந்துவிட்டது, ஆனால் ஓவியக் கல்லூரியும் கலைக் கல்லூரியும் ஒரே காலைப் பொழுதில் மணி அடிக்கும்வரை அது காகிதத்தில்தான் இருக்கும். சென்னைக் கல்லூரிகள் பலவற்றில் மதியத்துக்கு மேல் இரண்டாவது ஷிப்ட் ஏற்கெனவே நடக்கிறது. காலையில் களிமண்ணில் கைவைக்கும் மாணவனுக்கு அங்கே ஓர் இடமும், இரண்டாவது கட்டணத்தில் விலக்கும் கொடுக்கப் புதிய கட்டடம் எதுவும் எழுப்ப வேண்டியதில்லை.