கண்மையும் தொடுவில்லையும்

பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளிலே நிலைக்கண்ணாடியின் முன் நடைபெறும் காரியங்களில் தகப்பன்மார் தலையிடுவதில்லை. நாமும் அவ்வாறே இருந்தோம். சென்ற ஆண்டு எமது மகளின் நடன அரங்கேற்றத்தன்று மட்டும் தலையிட்டோம், பிழை செய்தோம்.

மகள் மூக்குக்கண்ணாடிக்குப் பதிலாக மென்மையான தொடுவில்லை அணிபவள். அன்று மேடை ஒப்பனை யாவும் முடிந்த பின்னரே வில்லைகளைக் கண்ணில் இட்டாள். சற்று நேரத்தில், "அப்பா, எல்லாம் புகைமூட்டமாய்த் தெரியுது" என்றாள். அரங்கேற இன்னும் அரைமணி நேரமே இருந்தது. வில்லை கழுவும் திரவமோ வீட்டிலே தங்கிவிட்டது. விஞ்ஞானம் கற்பிக்கும் நாம் சற்றும் யோசியாமல், "கழட்டித் தண்ணியிலை அலம்பிப் போடு, பிள்ளை" என்று கிணற்று நீரை ஒரு குவளையில் கொண்டுவந்து நீட்டினோம்.

"தண்ணி படக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்" என்று கூறி, அவள் வில்லைகளைக் கழற்றிவிட்டு, மங்கிய பார்வையுடனே மேடையேறினாள். தாளத்தைச் செவியாற் பற்றிக்கொண்டு ஆடினாள். சபையோர் எதனையும் அறிந்திலர். முன்வரிசையிலிருந்த நாம் மட்டும் அவள் வைத்த ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சம் பதைத்தோம்.

பின்னர்க் கண் வைத்தியரிடம் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் அக்கந்தமீபா என்னும் நுண்ணுயிர் இருத்தல் கூடும். வில்லையோடு ஒட்டிக் கண்ணுட் புகுந்தால் அது விழிவெண்படலத்தை அரித்துப் பார்வையையே பறித்துவிடலாம். செக் நாட்டு இரசாயன அறிஞர் ஒட்டோ விச்டர்லே 1961 இல் பிள்ளைகளின் விளையாட்டுப் பொறித்தொகுதியைக் கொண்டு வார்த்துக் காட்டிய மென்வில்லை, நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பொருளால் ஆனது. ஆதலால் அதனை எதிற் கழுவுகிறோம் என்பது பெரிதும் கவனிக்கத்தக்கது.

புகைமூட்டத்தின் காரணமும் எளியதே. இமையின் உள்விளிம்பில் கண்ணீர் விரைவில் உலராதபடி எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பிகள் வரிசையாக உள்ளன. அங்கே மை தீட்டினால் அவற்றின் வாய் அடைபடும். மையும் கண்ணீரிற் கலந்து வில்லையிற் படியும். விரலில் ஒட்டியிருக்கும் முகப்பூச்சும் அவ்வாறே படியும்.

ஆகவே கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்து, முதலில் வில்லையை இடுதல் வேண்டும். ஒப்பனை அதன் பின்னரே. இரவில் முதலில் வில்லையைக் கழற்றி, பின்னரே ஒப்பனையைக் கலைத்தல் வேண்டும். மையை இமையின் வெளிப்புறத்தே தீட்டுவது நன்று. வில்லை மங்கினால் அதற்குரிய புதிய திரவத்தை இட்டு உள்ளங்கையில் மெல்லத் தேய்த்துக் கழுவலாம். உமிழ்நீர் ஒருபோதும் ஆகாது. சிமிழிலுள்ள பழைய திரவத்தை நாள்தோறும் ஊற்றிவிடுதல் வேண்டும். கண் சிவந்து நோவெடுத்தால் வில்லையைக் கழற்றிவிட்டு உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும்.

இப்போது எமது வீட்டு நிலைக்கண்ணாடியின் முன் மைச்சிமிழுக்கு அருகே திரவப் போத்தலொன்றும் நிற்கின்றது. அதனைக் காணுந்தோறும் அன்று நாம் நீட்டிய குவளை நினைவுக்கு வரும். படித்த தகப்பனின் சொல்லை மகள் அன்று கேளாது விட்டமைக்காக இறைவனுக்கு நன்றி கூறுகின்றோம்.