பொம்மையைக் கொடுத்த சிறுமி

1939 ஜனவரி. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து யூதக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுவிட்சர்லாந்துக்கு ஒரு ரயில் கிளம்புகிறது. அதில் 10 வயது கரோலா ரூத் சீகல். வழியனுப்ப வந்தது அம்மாவும் பாட்டியும் மட்டும்தான். அப்பாவை நாஜிகள் நவம்பரிலேயே பிடித்துப் போயிருந்தார்கள்.

ரூத்தின் கையில் ஒரு பொம்மை. ரயிலில் அவளைவிடச் சின்னவள் ஒருத்தி அழுகையை நிறுத்தவே இல்லை. பொம்மையைத் தூக்கி அவளிடமே கொடுத்துவிட்டாள்.

சில மாதங்கள்தான் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஹைடன் என்ற ஊரின் குழந்தைகள் விடுதியில் ஆறு வருஷம் ஓடிவிட்டது. அங்கே பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது வீட்டு வேலை மட்டும். பள்ளிக்குப் போன ஒரு பையனின் பாடப்புத்தகங்களை ராத்திரியில் வாங்கி, ஒளிந்து ஒளிந்து படித்தாள்.

வீட்டிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. 1941 செப்டம்பரோடு அதுவும் நின்றது. பெற்றோரை அவள் மறுபடி பார்க்கவே இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பாலஸ்தீனம். நாலே முக்கால் அடிகூட இல்லாத அந்தப் பெண் துப்பாக்கிப் பயிற்சி பெற்று, 1948 போரில் குண்டு வெடித்துக் கால்களில் படுகாயமடைந்தார். அப்புறம் பாரிஸில் படிப்பு, 1956இல் நியூயார்க்.

1980களில் வானொலியில் பாலியல் சந்தேகங்களுக்குக் கூச்சமில்லாமல் பதில் சொல்லி அமெரிக்காவையே கேட்கவைத்த 'டாக்டர் ரூத்' இவர்தான். 2023இல், 95 வயதில், தனிமையில் வாடுவோருக்காக நியூயார்க் மாநிலத்தின் கௌரவத் தூதராகப் பொறுப்பேற்றார். அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியதும் அவரேதான். 2024 ஜூலையில் காலமானார்.