சாளக்கிராமம் பிறந்த நாட்டில்

எங்கள் இல்லத்துப் பூஜையறையில் ஒரு சிறிய வெள்ளிச் சம்புடம் உண்டு. அதனுள் எலுமிச்சம்பழ அளவில் கரிய சாளக்கிராமம் ஒன்று எழுந்தருளியிருக்கிறது. பாட்டனார் காலத்திலிருந்து வழிவழியாக வந்த மூர்த்தி. என் தந்தையார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், ஒருநாள் தவறாமல் அதற்குத் திருமஞ்சனம் செய்து, துளசி சாற்றி, நைவேத்தியம் செய்த பின்னரே உணவு கொள்வார். "இந்தப் பெருமாள் பிறந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்பது அவருடைய ஆசை. அது நிறைவேறாமலே இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்தார்.

அதன்பின் பூஜை என் பொறுப்பாயிற்று. அலுவலகம், வெளியூர்ப் பயணம் என்று காரணம் சொல்லிப் பல நாட்கள் தவறவிட்டேன். தாயார் ஒன்றும் சொன்னதில்லை. பூஜை நடவாத நாட்களில் உச்சிப்பொழுது வரை காப்பிகூட அருந்தாமல் அமர்ந்திருப்பார். ஒருநாள் மட்டும் மெல்லச் சொன்னார்: "ஆராதனை இல்லாமல் பெருமாளை வீட்டில் வைத்திருப்பது நியாயமில்லையப்பா. உன் பிள்ளையோ கடல் கடந்து இருக்கிறான். உனக்குப் பின் யார்? பிறந்த நதியிலேயே இவரைச் சேர்த்துவிட்டு வந்துவிடலாம்."

அந்தக் குரலில் கோபம் சிறிதும் இல்லை. அதுதான் என்னை மிகவும் உறுத்தியது. ஐப்பசி மாதத்தில் தாயார், மனைவி, மகள், நான் என நால்வரும் கும்பகோணத்திலிருந்து நேபாளத்திற்குப் புறப்பட்டோம். தாயாருக்கு வயது எழுபத்து நான்கு. சம்புடம் என் தோள்பையில் இருந்தது. ரயிலில் கழிந்த நாட்களில் அதைத் திறவாமலே, மேலே ஒரு துளசிதளம் வைத்து வணங்கினேன்.

சமவெளி: ஜனகன் நகரம்

நேபாளம் தெற்கே தராய் என்னும் சமவெளியாகவும், நடுவே மலைநாடாகவும், வடக்கே பனிமலையாகவும் மூன்று படிகளாய் உயர்ந்து செல்கிறது. நாங்கள் கீழ்ப்படியிலிருந்து தொடங்கினோம். பீகாரின் ஜெயநகரிலிருந்து ஜனக்பூருக்கு ரயில் செல்கிறது. எல்லையைக் கடந்ததும் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளிவைத்தோம். மற்றபடி வேறு நாடு என்றே தோன்றவில்லை. நெல்வயல்கள், குளங்கள், மைதிலி மொழி, மண்சுவர்களில் மீனும் தாமரையும் தீட்டிய மிதிலைச் சித்திரங்கள்.

சீதாபிராட்டியின் பிறந்தகமாகிய இந்நகரின் நடுவே ஜானகி மந்திர் வெண்ணிற அரண்மனைபோல் எழுந்து நிற்கிறது. மத்திய இந்தியாவின் டீகம்கர் சமஸ்தானத்து அரசியார் எழுப்பிய இக்கோயில் 1911ஆம் ஆண்டு நிறைவுற்றது. ஒன்பது லட்சம் ரூபாய் செலவாயிற்றாம். ஆகவே "நௌலக்கா மந்திர்" என்றும் பெயர். அருகிலேயே விவாக மண்டபம். மார்கசீர்ஷ மாதத்து வளர்பிறைப் பஞ்சமியை ஸ்ரீசீதாராம கல்யாண நாளாக இங்கே பெருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். ஆயினும் மிதிலையில் பலர் அந்த நாளில் தம் பெண்களுக்கு விவாகம் செய்வதில்லை. ஜானகி பட்ட துயரம் தம் பெண்ணுக்கும் வரக்கூடாதே என்ற அச்சம்!

இதைக் கேட்டதும் தாயார் கண்கலங்கினார். "பெண்ணைக் கொடுத்த வீடு எத்தனை யுகமானாலும் மறப்பதில்லை, பார்த்தாயா!" என்றார்.

தங்கியிருந்த விடுதியின் முற்றத்தில் துளசிமாடம் இருந்தது. இரண்டு நாள் காலையிலும் அங்கே துளசி பறித்து, விடுதி அறையிலேயே பூஜை செய்தேன். விடுதிக்கார அம்மையார் வழிக்கென்று ஒரு கொத்துத் துளசியை ஈரத்துணியில் சுற்றித் தந்தார்.

மலைநாடு: பசுபதிநாதர் சந்நிதி

ஜனக்பூரிலிருந்து சிறு விமானத்தில் காத்மாண்டு சேர்ந்தோம். பாக்மதி நதிக்கரையில், பொன்வேய்ந்த இரண்டடுக்குக் கூரையின்கீழ்ப் பசுபதிநாதர் கோயில் கொண்டிருக்கிறார். நான்கு திசைகளையும் நோக்கி நான்கு முகங்கள் கொண்ட லிங்கமூர்த்தி. நான்கு வெள்ளிக் கதவுகள் வழியாகவும் தரிசனம். மேற்கு வாயிலில் பெரிய நந்தி. தோல்பொருட்களை வெளியே வைத்துவிட்டுச் செல்லவேண்டும். கோயிலை ஒட்டிய ஆரிய காட்டில் சிதைகள் எரிகின்றன. மாலையில் எதிர்க்கரையில் தீபாராதனை நடக்கிறது. பிறப்பும் இறப்பும் பூஜையும் ஒரே படித்துறையில்!

இங்கே நான் அறிந்த ஒரு செய்தி என் உள்ளத்தைத் தொட்டது. மூலமூர்த்தியைத் தொட்டுப் பூஜிக்கும் உரிமை பெற்ற பட்டர்கள் தென்னாட்டவர்கள். கர்நாடகத்திலிருந்து வேதம் பயின்று வருகிறவர்கள். தந்தைக்குப் பின் மகன் என்ற பரம்பரை உரிமை இங்கே இல்லை. தகுதி பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். மன்னராட்சிக் காலத்தில் மன்னர் மறைந்தால் நாட்டு மக்கள் அனைவருக்கும் தீட்டு இருந்தது. அப்போதும் பூஜை நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே வெளிநாட்டிலிருந்து அர்ச்சகர்களை அழைக்கும் வழக்கம் வந்தது என்று சொல்கிறார்கள். இதைக் கேட்டுத் தாயார் வெகுநேரம் மௌனமாக இருந்தார்.

மறுநாள் நகரின் வடகோடியில் உள்ள புத்தநீலகண்டா சென்றோம். பெயரைக் கேட்டுச் சிவாலயம் என்று எண்ணிவிடவேண்டாம். திறந்த வெளியில், குளத்து நீரின் நடுவே, ஆதிசேஷன்மேல் அனந்தசயனத்தில் இருப்பவர் ஸ்ரீமந் நாராயணர். ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமுள்ள கரிய கல் திருமேனி. லிச்சவி மன்னர் காலத்தது. தலைக்குமேல் விமானம் இல்லை, வானமே விமானம். திருவரங்கத்தைக் கண்டு பழகிய கண்களுக்கு அது ஒரு புதிய சேவை.

பனிமலை: முக்திநாதம்

காத்மாண்டிலிருந்து சாலை வழியே போக்ரா. அங்கிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபது நிமிடப் பயணம்தான். ஆனால் முற்பகலுக்குப் பின் மலையிடுக்கில் பெருங்காற்று எழுவதால் காலையில் மட்டுமே விமானங்கள் பறக்கின்றன. எங்கள் விமானம் மேகமூட்டத்தால் நின்றுபோயிற்று. மறுநாள் விடியற்காலையில் ஜீப்பில் புறப்பட்டோம்.

தௌலகிரி 8,167 மீட்டர். அன்னபூர்ணா 8,091 மீட்டர். இவ்விரு சிகரங்களுக்கும் இடையே காளி கண்டகி பாய்ந்து வருகிறது. சாலை அந்த நதியை ஒட்டியே ஏறுகிறது. குலுக்கல் சொல்லி முடியாது. ஓட்டுநர் இளைஞர் திருப்பத்துக்குத் திருப்பம் "ஆமா, ஆமா" என்று தாயாரை நோக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். "நான் ஒன்றும் கேட்கவில்லையே, எதற்கு ஆமாம் என்கிறான்?" என்றார் தாயார். நேபாளியில் "ஆமா" என்றால் அம்மா என்று பிறகுதான் தெரிந்தது. அன்று மாலை ஜோம்சோமில் இறங்கும்போது, அந்த இளைஞர்தான் தாயாரின் கையைப் பற்றி இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை முக்திநாதம். ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் உள்ள இத்தலத்தைத் திருச்சாளக்கிராமம் என்னும் திவ்யதேசமாகப் போற்றுகிறோம். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்தருளியது. வண்டி நின்ற இடத்திலிருந்து தாயாரை மட்டக்குதிரையில் ஏற்றி, நாங்கள் நடந்தோம். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. கோயிலின் பின்புறம் அரைவட்டமாக 108 தாரைகளில் பனிநீர் கொட்டுகிறது. மகள் அத்தனையிலும் ஓடி நனைந்து, ஒரு சொம்பில் தீர்த்தம் பிடித்து வந்தாள். தாயார் நீராட விரும்பினார். நாடித்துடிப்பு மிகுந்திருந்ததால் நான் தடுத்தேன். ஒரு கணம் முகம் வாடியது. பிறகு அந்தச் சொம்பிலிருந்து மூன்று முறை தலையில் தெளித்துக்கொண்டு, "பெருமாள் அனுமதித்தது இவ்வளவு" என்று கைகூப்பினார்.

இக்கோயிலின் பணிகளில் பௌத்தத் துறவிப் பெண்களும் பங்கு கொள்கிறார்கள். நாம் முக்திநாராயணராக வணங்கும் மூர்த்தியையே அவர்கள் அவலோகிதேஸ்வரராக வணங்குகிறார்கள். அருகிலுள்ள ஜ்வாலாமாயி சந்நிதியில், பாறையின் அடியிலிருந்து வரும் இயற்கை வாயுவால் சிறு சுடர் ஒன்று நீரோட்டத்தின் அருகே எரிகிறது.

காக்பேணி

பன்னிரண்டாம் நாள் காலை, காற்று எழுவதற்கு முன், காக்பேணிக்கு வந்தோம். காளி கண்டகியோடு மற்றொரு சிற்றாறு கூடும் இடம். பித்ருக்களுக்குப் பிண்டம் இடும் தலம். தந்தையாருக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்தேன். எதிரே அகன்ற ஆற்றுப்படுகை, கரும்பாறைத் துண்டுகளாய்க் கிடந்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே கடல் இருந்ததாம். அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் சுருள்வடிவ ஓடுகளே கல்லாகி, இமயத்தோடு உயர்ந்து, சாளக்கிராமங்களாகக் கிடைக்கின்றன என்று அறிவியலார் கூறுவர். சக்கரம் பொறித்த அக்கற்களில் நம் முன்னோர் திருப்பாற்கடல் வாசனைக் கண்டார்கள்.

சம்புடத்தைத் திறந்தேன். நதிநீரை எடுத்துத் திருமஞ்சனம் செய்தேன். ஜனக்பூர் துளசி வாடிக் கறுத்திருந்தது; அதையே சாற்றினேன். பிறகு மூர்த்தியைக் கையில் ஏந்தி நீரின் அருகே குனிந்தேன். குளிரால் விரல்கள் மரத்துப்போயிருந்தன. விடுவதற்கு மனம் வரவில்லை.

தாயார் பின்னாலிருந்து கேட்டார்: "வீட்டை விட்டுப் புறப்பட்டு எத்தனை நாளாயிற்று?"

"பன்னிரண்டு நாள், அம்மா."

"ரயிலிலும், விடுதியிலும், இந்தக் குளிரிலும் ஒருநாள்கூடத் தவறவில்லையே. வீட்டில் இருக்கும்போதுதானா உனக்கு நேரம் இல்லை?"

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. சற்றுப் பொறுத்து, "எனக்குப் பின்?" என்று கேட்டேன்.

"அது அவர் கவலை. பசுபதிநாதருக்கு எங்கிருந்தோ ஒருவர் வந்து செய்யவில்லையா? பிறந்தகம் வந்து நீராடியாயிற்று. இனிப் புக்ககத்துக்கு அழைத்துப் போ."

மகள் சம்புடத்தைத் துடைத்து நீட்டினாள். பெருமாள் மீண்டும் அதில் எழுந்தருளினார்.

இத்தலங்களுக்குச் செல்ல விரும்பும் மூத்த அன்பர்களுக்கு ஒரு சொல். பங்குனி முதல் வைகாசி வரையும், புரட்டாசி பிற்பகுதி முதல் கார்த்திகை வரையும் ஏற்ற காலம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். ஜோம்சோமில் ஓரிரவு தங்கி, உடல் உயரத்திற்குப் பழகிய பின் மேலே ஏறுங்கள். விமானம் தவறக்கூடும், கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 108 தாரைகளிலும் நீராட இயலாவிடில் வருந்தவேண்டாம்.

ஊர் திரும்பி ஓராண்டாகிறது. அதிகாலையில் மகள் துளசி பறித்து வைக்கிறாள். நான் பூஜை செய்கிறேன். வெளியூர் செல்லும் நாட்களில் சம்புடமும் தோள்பையில் உடன் வருகிறது. தாயார் தம் வேளைக்குக் காப்பி அருந்துகிறார்.