சேர்ந்து சுமந்த கல்

பிரான்சின் தெற்கே செவென் என்றொரு மலைநாடு இருக்கிறது. அங்குள்ள குடியானவர்கள் சரிவுகளில் கற்சுவர் எழுப்பி, பின்னால் மண் நிரப்பி, படிப்படியாக நிலம் உண்டாக்கியவர்கள். அதில் செஸ்ட்நட் வளர்த்தார்கள். பட்டுப்புழுவுக்காக மல்பெரியும் வளர்த்தார்கள். ஆட்கள் நகரங்களுக்குப் போகப் போகச் சுவர்கள் சரிந்தன. அப்படிச் சரிந்த ஒன்றை எடுத்துக் கட்டும் பணிமுகாமில் சேரும் வாய்ப்பு இளவயதில் எனக்குக் கிடைத்தது. பல நாட்டு இளைஞர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கி, காலையில் கல் சுமந்தோம். மாலையில் ஊராரோடு பழகினோம்.

இத்தகைய முகாம்களின் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. முதல் உலகப்போரில் பிரான்சின் வெர்டன் வட்டாரம் தரைமட்டமானது. 1920-இல் பியர் செரெசோல் என்ற சுவிஸ் பொறியாளர் அங்கே எஸ்ன் என்ற சிற்றூருக்கு ஒரு சிறு குழுவோடு போனார். குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். இடித்தவர்களின் நாட்டார், இடிபட்டவர்களுக்கு வீடு கட்டப் போனார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் இயக்கம். 1934-இல் பீகாரைப் பூகம்பம் உலுக்கியபோது செரெசோல் இந்தியாவுக்கும் வந்து, வீடிழந்தவர்களுக்காக உழைத்தார். சமாதானத்தைப் பேசுவதோடு நில்லாமல் மண்வெட்டியையும் எடுத்தவர் என்பதால் அவர்மீது எனக்குத் தீராத மதிப்பு.

நாங்கள் கட்டிய சுவரில் சிமெண்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. பெருங்கற்கள் அடியில் போகும். கீழே இரு கற்கள் சேரும் இடத்தின்மேல் அடுத்த கல் உட்கார வேண்டும். சுவர் மலைப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். பின்புறம் சில்லுக்கற்களால் நிரப்பப்படும். மழைநீர் இடுக்குகளில் வடிந்துவிடுவதால் ஈரமண்ணின் பாரம் சுவரைத் தள்ளாது. பிரான்ஸ் உட்பட எட்டு நாடுகளின் பொது மரபாக இந்தக் கலையை 2018-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. எங்களுக்கு அதைக் கற்றுத்தந்த ஊர்ப் பெரியவருக்கும் எனக்கும் பொது மொழி கிடையாது. கல்லை என் கையிலிருந்து வாங்கி, ஒரு புரட்டுப் புரட்டித் திரும்பத் தருவார். அது போய்ச் சரியாக உட்காரும். அவ்வளவுதான் பாடம்.

சமையலும் பாத்திரம் துலக்குவதும் கழிப்பறை கழுவுவதும் முறைவைத்து நடந்தன. யார் வீட்டுப் பிள்ளை, என்ன படித்தவர் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு ஜெர்மானியப் பெண் கேட்டாள்: “உங்கள் ஊரில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களா?” வெளிநாட்டாருக்குச் சொல்லவென்று நாம் வைத்திருக்கும் அழகான பதில்கள் அப்போது வாயில் வரவில்லை. சாதியைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவளும் போரைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்காத தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். காலையெல்லாம் சேர்ந்து கல் சுமந்தவர்களிடம் பெருமை பேசவும் தோன்றாது, குறையை மறைக்கவும் தோன்றாது.

வெளிநாட்டுப் பயணம் மனிதரை வளர்க்கிறது என்றால் இந்த வழியில்தான் வளர்க்கிறது என்று நம்புகிறேன். புதிய ஊரைக் கண்டதால் நான் வளரவில்லை; என் ஊரைப் பற்றி உண்மை சொல்லக் கற்றதால் வளர்ந்தேன். ஊர் திரும்பியபின் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குவது என் முறையாகவும் ஆனது. பந்தியில் யாருக்கு இடமில்லை என்று பார்க்கும் கண்ணும் வந்தது. பிள்ளைகளை வெளிநாடு அனுப்ப நினைக்கும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து உழைக்கும்படி அனுப்புங்கள். நம் ஊர் ஏரியைத் தூர்வாரும் நாளில் அவர்கள் பிள்ளைகளையும் அழையுங்கள்.