பேரனுடன் ஏ-9 வீதியில்



சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தூரப் பிரயாணம் போவது எங்களில் பலருக்கு உல்லாசப் பயணம் அல்ல. கிளினிக்குக்கு, காணாமற்போனவர்கள் பற்றிய விசாரணைக்கு, வெளிநாடு போகும் மகளை வழியனுப்ப என்று ஏதாவது ஒரு தேவைதான் எங்களை பஸ்ஸில் ஏற்றுகிறது. என் நிலையும் அதுவே. என் பேரனுக்கு நாலு வயது. அவனுடைய இதயத்தில் சிறு துவாரம் இருப்பதால் கிளிநொச்சியிலிருந்து பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் வருகிறோம். மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். மருமகன் மேசன் வேலைக்கு ஊரூராகப் போகிறவர். ஆகவே பிள்ளையோடு பஸ் ஏறுவது அம்மம்மாவின் பொறுப்பு.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் நீளமானது. அதில் எங்கள் பங்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். ஆறேழு மணித்தியாலம் பிடிக்கும். கிளினிக் காலையில் என்பதால் முதல் நாளே புறப்பட்டு மாத்தளையில் உறவினர் வீட்டில் தங்குவோம்.

எங்கள் பையில் போகும் பொருட்கள் அதிகமில்லை. கிளினிக் கொப்பி, பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, குடிக்கும் குளிசைகள், என்னுடைய அடையாள அட்டை ஆகியவை ஒரு பிளாஸ்ரிக் உறையில் என் மடியிலேயே இருக்கும். மற்றப் பையில் ஆறவைத்த கொதிநீர், பாண், வாழைப்பழம், இரண்டு சோடி உடுப்பு, ஒரு துவாய், சத்தி எடுத்தால் பிடிக்க நாலைந்து சொப்பிங் பைகள், ஒரு பக்கற் ஜீவனி. ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுப் பக்கற்றையும் கரைத்து, ஒரு நாளுக்குள் பாவித்து முடிக்க வேண்டும். மிஞ்சினால் ஊற்றிவிடுங்கள். பஸ்ஸில் தலைசுற்றும் பிள்ளையை முன்பக்க ஆசனத்தில் இருத்தி, வீதியை நேரே பார்க்கச் செய்தால் பாதிக் கஷ்டம் குறையும். வருத்தக்காரப் பிள்ளைக்குச் சத்திக் குளிசையை வைத்தியரிடம் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

கிளிநொச்சியை விட்டதும் முதல் தரிப்பு முறிகண்டி. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தாமல், தேங்காய் உடைக்காமல் இவ்வழியால் போகும் சாரதிகள் குறைவு. அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளுடன் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. பேரனை மலசலகூடத்துக்குக் கூட்டிப்போய், முகம் கழுவி, ஒரு சரை கச்சான் வாங்குவேன். கச்சான் கோது உடைப்பதிலேயே அவனுக்கு மாங்குளம் வரை பொழுது போய்விடும். ஆனால் பஸ் ஓடும்போது சிறு பிள்ளைகளுக்குக் கச்சான் பருப்பைக் கொடுப்பது ஆபத்து, தொண்டையில் சிக்கிவிடும். அவன் உடைக்க, நான் சாப்பிடுவேன்.

மாங்குளம் தாண்டினால் காடு. ஒரு காலத்தில் வீதியோரம் நெடுக மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. அந்த மிதிவெடிகளை அகற்றியவர்களில் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்களும் பலர். முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி வீதியோரத்தை எங்களுக்குத் திருப்பித் தந்தவர்கள் அவர்கள்.

அடுத்து ஓமந்தை. 2002 இல் சமாதான காலத்தில் இந்தப் பாதை திறந்தபோது, ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துக் காட்டிய இடம் இது. 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடப்பட்டது. 2009 இல் பன்னிரண்டு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இதே இடத்தில் சோதனைக்கு நின்று, பின்னர் செட்டிகுளம் முகாமுக்குப் போனேன். என் கணவர் எங்களோடு வந்து சேரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சோதனைச் சாவடி 2015 இல் அகற்றப்பட்டுவிட்டது. இப்போது பஸ் வேகத்தைக் குறைக்காமலே ஓடுகிறது.

போன தடவை அந்த இடத்தில் பேரன், "அம்மம்மா, ஏன் கையை இறுக்கிப் பிடிக்கிறீங்கள்? நோகுது" என்றான். பிறகு, "தாத்தாவும் இந்த பஸ்ஸில போனவரோ?" என்று கேட்டான். பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடாது, எங்கள் பயம் முழுவதையும் அதன் தலையில் கொட்டவும் கூடாது. "தாத்தா வரவில்லை அப்பன். நாங்கள் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றேன். அவன் சிறிது யோசித்துவிட்டு ஜன்னலால் மாடுகளை எண்ணத் தொடங்கினான். நாலு வயதுக்கு அவ்வளவு பதில் போதும். மிகுதியை அவன் வளர வளரக் கேட்பான்.

வவுனியா தாண்டி மதவாச்சியில் சிங்களச் சகோதரிகள் ஏறுவார்கள். அன்று பேரனுக்கு அவசரமாகச் சிறுநீர் வந்தது. அது ஒரு தனியார் பஸ். நடத்துனர் தம்பியிடம் இரண்டு தரம் கேட்டும் நிறுத்தவில்லை. எனக்குச் சிங்களம் தட்டுத் தடுமாறித்தான் வரும். பக்கத்திலிருந்த வயதான அம்மா எழுந்து நின்று, "மல்லி, பஸ் எக்க நவத்தன்ன!" என்று சத்தம் போட்டார். பின்னாலிருந்த பெண்களும் சேர்ந்து குரல் கொடுக்க, பஸ் நின்றது. திரும்பி ஏறியதும் அந்த அம்மா தேசிக்காய் ஒன்றை எடுத்து, மணந்து பார்க்கும்படி பேரனிடம் கொடுத்தார். மிகிந்தலை மலையைக் காட்டி ஏதோ கதை சொன்னார். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டிக் கேட்டான். பிள்ளைக்காகக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஒருத்தி கேட்டால் மற்றவர்களும் சேருவார்கள்.

தம்புள்ளை மரக்கறிச் சந்தையின் லொறிகளைக் கடந்து நாலந்தா பக்கம் போகும்போது காற்றுக் குளிரும். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோபுரம் தெரியும். எங்கள் வேர் இந்த மண்ணில்தான் இருக்கிறது. கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், காட்டுப் பாதையால் மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் சுமந்த தாய்மார் அதில் இருந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அதை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் பாதயாத்திரை வந்தார்கள்.

1977 ஓகஸ்ட் கலவரத்தில் எங்கள் லயன் எரிந்தபோது, அம்மா என்னை லொறியில் தூக்கிப் போட்டு வடக்கே கொண்டுவந்தார். அப்போது எனக்கும் நாலு வயது. அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது தறப்பாளின் மணமும், அழாதே என்று என் வாயைப் பொத்திய அம்மாவின் கையும்தான். என் பேரன் அதே வீதியால் கச்சான் உடைத்துக்கொண்டு வருகிறான், தேசிக்காய் மணந்துகொண்டு வருகிறான். இந்த வித்தியாசம் எனக்குச் சிறிதாகத் தெரியவில்லை.

இம்முறை துவாரம் சுருங்கி வருகிறது, சத்திரசிகிச்சை இப்போது தேவையில்லை என்று வைத்தியர் சொன்னார். அன்றிரவே குவைத்துக்குச் செய்தி போயிற்று.

சகோதரிகளே, தூரத்துக்கும் செலவுக்கும் பயந்து பிள்ளையின் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணமில்லை. முடிந்தால் பகலில் புறப்படுங்கள், அயலில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், துணைக்கு ஆள் இல்லாவிட்டால் பக்கத்து ஆசனத்துப் பெண்ணிடம் முதலிலேயே பேச்சுக் கொடுத்து வையுங்கள். வழியில் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். நாங்கள் பயத்தோடு கடந்த இடங்களை அவர்கள் வேறு விதமாக ஞாபகம் வைத்திருக்கட்டும்.