விடியும்வரை காத்திருந்தோம்

1998-ஆம் ஆண்டு மார்கழி மாதத்து இரவு. இலுப்பூரில் எங்கள் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த தந்தையார் எழுந்து அமர்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது. “வாயுதான், விடிந்தால் சரியாகிவிடும்” என்றார். அம்மா ஓமநீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். நானும் அவர் சொல்லை நம்பினேன். நள்ளிரவில் வண்டி தேடி அலையச் சோம்பினேன் என்பதே உண்மை. விடிந்ததும் புதுக்கோட்டைக்குப் புறப்பட்டோம். வழியிலேயே அவர் எங்களைவிட்டுப் பிரிந்தார்.

வீணாகிய அந்த ஆறு மணி நேரம் இன்றும் என் மனச்சான்றை உறுத்துகிறது.

இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயை இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதே மாரடைப்பு. அடைப்பு நீங்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிந்துகொண்டே போகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை.

இத்தாமதத்தைக் குறைக்க வழியுண்டா என்று நம் தமிழகத்திலேயே ஆராய்ந்தார்கள். டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முள்ளசாரி முதலியோர் 2,420 நோயாளிகளைக் கொண்டு நடத்திய அவ்வாய்வு 2017-இல் வெளியாயிற்று. சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்தார்கள். சிற்றூரிலேயே இ.சி.ஜி. எடுத்து, தேவைப்பட்டோருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். புதிய மருந்து எதுவுமில்லை, ஒழுங்குதான் புதிது. ஆயினும், ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 என்றிருந்தது 14.2 ஆகக் குறைந்தது. 2023-இல் அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் எந்தத் திட்டமும் நம் வீட்டு வாசலுக்கு வெளியேதான் தொடங்குகிறது. வாசலைத் தாண்ட வேண்டியவர்கள் நாமே.

சென்ற ஆண்டு ஓர் இரவில் என் அண்ணனும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “வாயுதான் தம்பி” என்றார். அப்பாவின் குரலையே கேட்டதுபோல் இருந்தது. நான் வாதாடவில்லை, உடனே 108-ஐ அழைத்தேன். “வாயுவாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம், அண்ணா” என்று மட்டும் சொன்னேன். அது வாயு அன்று. இன்று அவர் பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார்.

அன்பர்களே, நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லா வியர்வை ஆகியவற்றைக் கண்டால் விடியலுக்குக் காத்திராதீர்கள். நீரிழிவு உள்ளோருக்கு வலியே தோன்றாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். வாயுவென்று தெரிந்து திரும்பிவந்தால் வெட்கமில்லை. காத்திருந்தவனின் துயரம் எனக்குத் தெரியும்.